பின்தேதியிட்ட பங்கு

1976 டிசம்பர் 1 அன்று விடிந்தபோது கேரளத்தில் சட்டப்படி ஓர் இந்துக் கூட்டுக் குடும்பம்கூட மிச்சமில்லை. கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. பிறந்ததாலேயே மூதாதையர் சொத்தில் உரிமை கேட்க இனி யாருக்கும் வழியில்லை என்றது அதன் மூன்றாம் பிரிவு. ஏற்கெனவே கூட்டாக இருந்த சொத்தை அந்தத் தேதியில் பாகம் பிரித்துவிட்டதாகவே கருத வேண்டும் என்றது நான்காம் பிரிவு. வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் போனதில்லை. முற்போக்கின் உச்சம் என்று அன்று பலரும் பாராட்டினார்கள்.

அதே சட்டம் திருவனந்தபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். தாய்வழி முறையான மருமக்கத்தாயம் பின்பற்றிய நாயர் தறவாட்டில் ஆணும் பெண்ணும் தலைக்கு ஒரு பங்கு பெற்றார்கள். தொட்டிலில் கிடந்த பெண் குழந்தைக்கும் பங்கு உண்டு. கரமனை அக்கிரகாரத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பமோ மிதாட்சர முறையில் தந்தை வழி வந்தது. அங்கே கூட்டுச் சொத்துக்கு உரியவர்கள் தகப்பனும் ஆண்பிள்ளைகளும்தான். சட்டம் அவர்களுக்குள் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டது. மகளுக்குக் கிடைத்தது, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கில் ஒரு துண்டு. கூட்டுக் குடும்பம் என்ற அமைப்பு ஒழிந்தது. ஆனால் அதில் ஆணுக்கு இருந்த முன்னுரிமை அன்றைய தேதியிலேயே ரொக்கமாக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கதவை 2025 ஜூலை 7 அன்று கேரள உயர் நீதிமன்றம் திறந்தது. 2005இல் நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவைத் திருத்தி, மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் என்று ஆக்கியிருந்தது. கேரளச் சட்டத்தின் மூன்றாம், நான்காம் பிரிவுகள் அந்த மத்தியச் சட்டத்தோடு முரண்படுகின்றன, ஆகவே அவற்றுக்கு இனி வலுவில்லை என்று நீதிபதி எஸ்.ஈஸ்வரன் தீர்ப்பளித்தார். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டமானாலும், பிறகு நாடாளுமன்றம் அதே பொருளில் சட்டம் இயற்றினால் பின்னதே நிற்கும் என்பது அரசியல் சட்டத்தின் 254ஆம் பிரிவு. விளைவு: 2004 டிசம்பர் 20க்குப் பிறகு இறந்த இந்துவின் மகளுக்குக் கேரளத்திலும் மூதாதையர் சொத்தில் சமபங்கு, சட்டம் சொல்லும் விதிவிலக்குகளுக்கு உட்பட்டு.

தீர்ப்பு வந்தது 2025இல். உரிமை தொடங்குவது இருபது ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பத்திரங்கள் எழுதப்பட்டிருக்கும், எத்தனை வங்கிகள் அடமானம் வாங்கியிருக்கும், எத்தனை அடுக்குமாடிகள் எழுந்திருக்கும்! திருவிதாங்கூர் மண்ணில் பெண்ணின் சொத்துரிமை பெரும்பாலும் இப்படிப் பின்தேதியிட்டே வந்திருக்கிறது. சட்டசபையில் விவாதித்து, இன்ன தேதி முதல் என்று அறிவித்து வந்த உரிமைகள் குறைவு. பழைய ஏட்டைப் புரட்டிய நீதிபதி, இது உனக்கு முன்பே உரியதாக இருந்தது என்று கண்டுபிடித்துச் சொன்ன உரிமைகளே அதிகம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சட்டம் இயற்றாமல் இருந்தவர்கள் கொடுப்பதில்லை. அண்ணன் மீது வழக்குப் போட வேண்டிய தங்கை கொடுக்கிறாள்.

இதில் மூத்த எடுத்துக்காட்டு கோட்டயத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராயின் வழக்கு. 1916இல், கொல்லம் ஆண்டு 1092இல், திருவிதாங்கூர் அரசு கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கோ ஐயாயிரம் ரூபாயோ, எது குறைவோ அது மகளுக்கு. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்களித்திருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள் மட்டும் அனுபவிக்கும் உரிமை; மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று ஒரு சட்டம் சொல்ல, அப்படிக் கொடுத்ததையே பங்குக்கு ஈடாக வரவு வைத்துக்கொண்டது இன்னொரு சட்டம். இரண்டும் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே நீதிமன்றக் கட்டடங்களில் சேர்ந்து குடியிருந்தன.

1916 சட்டத்துக்குள்ளேயே ஒரு சுவையான விதிவிலக்கு இருந்தது. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, சிறயின்கீழ், கொல்லம், கருநாகப்பள்ளி முதலான தாலுகாக்களில், ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கருக்கும் சில புராட்டஸ்டன்டுகளுக்கும் அந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தா. செல்வமும் செல்வாக்கும் உள்ள சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் மகளுக்கு ஐயாயிரம். கடற்கரை ஏழைகள் வீட்டில் மகளுக்குச் சரிபாதி. பிரிக்க அதிகம் இல்லாத இடத்தில் நியாயம் சுலபம் என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசே தன் கையால் எழுதி ஒப்புக்கொண்ட சமத்துவ வழக்கம் தலைநகரத்தைச் சுற்றியே இருந்தபோது, மற்றவர்களுக்கு அது முடியாது என்ற வாதம் எப்படி எழுபது ஆண்டுகள் நின்றது என்பதே எனக்கு வியப்பு.

மேரி ராயின் தகராறு தொடங்கிய இடம் தமிழர்களுக்கு நெருக்கமானது. கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு வந்து அவர் தங்கியது தந்தையின் ஊட்டி வீட்டில். அங்கிருந்து அவரை வெளியேற்றச் சகோதரர் முனைந்தார். ஊட்டி திருவிதாங்கூரில் இல்லை என்பதால் அங்கே அந்தச் சட்டமும் இல்லை. மலை இறங்கிக் கோட்டயம் போனால் தகப்பன் சொத்தில் மகளின் கணக்கே வேறு. 1983இல் அவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பி.என்.பகவதியும் நீதிபதி ஆர்.எஸ்.பதக்கும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். சமத்துவ உரிமை மீறப்பட்டதா என்ற பெரிய கேள்வியை அவர்கள் தொடவேயில்லை. சமஸ்தானங்கள் இணைந்த பிறகு 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கெல்லாம் நீட்டிக்கப்பட்டது, அன்றே திருவிதாங்கூர்ச் சட்டம் ரத்தாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் செத்த சட்டத்தை வைத்துக்கொண்டுதான் திருவிதாங்கூரே சொத்துப் பிரித்திருக்கிறது என்று பொருள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் தனி வரலாறு உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், திருவிதாங்கூர்ச் சட்டங்கள் கூடவே வந்தன. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கிறிஸ்தவப் பெண்களின் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. பழைய சட்டம் 1951லேயே போய்விட்டது என்று எழுபதுகளில் தனி நீதிபதி ஒருவர் சொன்னார். மேரி ராய் தீர்ப்பு பின்னால் சொல்லப்போவதை அவர் பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். 1978இல் டிவிஷன் பெஞ்ச் அதைத் தள்ளிவிட்டது. குமரி மாவட்டத்துப் பெண்கள் கோட்டயத்துக்காரி ஒருவரின் பிடிவாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மேரி ராயைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அருந்ததி ராயின் தாய் என்பதை மறக்காமல் சொல்கிறார்கள். இந்தக் குமரிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

மேரி ராய் தீர்ப்புக்குப் பிறகு கேரளத்தில் எழுந்த கூச்சலின் மையம் பின்தேதிதான். 1951 முதல் நடந்த பாகப்பிரிவினை எல்லாம் செல்லாதா, விற்ற நிலத்தை வாங்கியவன் கதி என்ன, அடமானத்தில் கடன் கொடுத்த வங்கி என்ன செய்யும் என்று கேட்டார்கள். திருச்சபைகளிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. 1994இல் பழைய சட்டத்துக்கு உயிர் கொடுத்து நடந்ததை எல்லாம் செல்லுபடியாக்க மாநில அரசு ஒரு மசோதாவைத் தயாரித்தது; அது சட்டமாகவில்லை. பயந்த அளவு வழக்கு வெள்ளமும் வரவில்லை. மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அல்லது உயில் எழுதினார்கள். உயில் இல்லாதபோதுதான் வாரிசுச் சட்டத்துக்கு வேலை என்பதால், உயில் எழுதத் தெரிந்த குடும்பத்தில் தீர்ப்பின் நிழல்கூட விழவில்லை. மேரி ராய்க்கே தன் பங்கு கைக்கு வர, உச்ச நீதிமன்றத்தில் வென்ற பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தமிழர்கள் சம்பந்தப்பட்ட இன்னொரு பழைய அத்தியாயம் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருடையது. தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் சொத்து சகோதரி மகனான மருமகனுக்கு. மனைவி மக்கள் குடும்பத் தலைவரான காரணவர் உயிரோடிருக்கும் வரை சோறு தின்னலாம். அவர் கண்ணை மூடினால் வெளியே போக வேண்டியதுதான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைக் கேலி செய்து எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்தது. கவிமணி திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் பாடம் சொன்னவர். எதிர்த்தரப்பு வாதத்தைத் தினமும் காதால் கேட்கும் தூரத்தில் இருந்தவர். 1926இல் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. நாயர், ஈழவச் சட்டங்கள் முந்தைய ஆண்டே வந்துவிட்டன. இங்கே கவனிக்க வேண்டியது: இவை சட்டசபையில் பேசி, சமூகத்துக்குள் சண்டையிட்டு, தேதி குறித்து வந்த சட்டங்கள். நடந்துபோன விற்பனைகளைக் கிளறாமல் மாறியது பழக்கம். முடியாட்சிக் காலத்துச் சட்டசபை செய்ததை மக்களாட்சிக் காலத்துச் சட்டசபைகள் நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. வாக்குதான் காரணமாக இருக்க வேண்டும். சொத்துள்ள சமூகங்களின் ஆண்கள் கோபித்துக்கொள்ளும் மசோதாவைக் கொண்டுவர எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை.

மருமக்கத்தாயம் முழுவதும் செத்துவிட்டதா என்றால், ஓரிடத்தில் இல்லை. கிழக்கேகோட்டைக்குள் போனால் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கில் 2011 ஜனவரி 31 அன்று கேரள உயர் நீதிமன்றம், மன்னராக இருந்த சித்திரைத் திருநாள் 1991 ஜூலையில் மறைந்ததோடு அரச குடும்பத்தின் உரிமை முடிந்தது, கோயிலை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது. மன்னர் என்ற பட்டமே 1971இன் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் போய்விட்ட பிறகு, மன்னரின் வாரிசு என்று எவர் வர முடியும் என்பது அதன் தர்க்கம். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் நிலவறைகள் திறக்கப்பட்டு உலகமே வாய் பிளந்ததில் இந்தத் தர்க்கம் அமுங்கிப்போனது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் யு.யு.லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு அதை மாற்றியது. மன்னர் பதவி வேறு, கோயிலின் சேவைக்கும் நிர்வாகத்துக்கும் உரிய பரம்பரைப் பொறுப்பு வேறு. முன்னது ஒழிந்தாலும் பின்னது குடும்ப வழக்கப்படி தொடரும் என்றது. குடும்ப வழக்கம் என்றால் தாய்வழி, அண்ணனிலிருந்து தம்பிக்கும் பிறகு சகோதரி மகனுக்கும். அன்றாட நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், குடும்பம் அமைத்த அறக்கட்டளையின் கணக்குகளையும் தணிக்கை செய்யத்தான் வேண்டும் என்றும் சொன்னது. சாதாரண வீடுகளில் சட்டம் போட்டு ஒழித்த தாய்வழி முறை, கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டு ஒரு குடும்பத்தில் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறது.

தொழில் பக்கம் வருவோம். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக மளிகையும் ஜவுளியும் பாத்திரமும் விற்கும் குடும்பங்களில், பலவும் தமிழ்க் குடும்பங்கள், சொத்து என்பது ஒன்றல்ல. கடை நிற்கும் நிலம், கடையின் பெயர், சரக்கு, வரவேண்டிய பாக்கி, கூட்டுப் பங்குப் பத்திரம், எல்லாம் தனித்தனிச் சட்டங்களின் கீழ் வரும். கூட்டுத் தொழிலில் பங்குதாரர் ஒருவர் இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை நிறுவனமே கலைந்துவிடும். வாரிசு பங்குதாரர் ஆவதில்லை, கணக்கு முடித்துத் தொகை மட்டும் வாங்கலாம். மகளுக்கு நிலத்தில் உரிமை என்று எவ்வளவு தீர்ப்பு வந்தாலும், தொழில் மகன் பெயரில் புதிய கூட்டாக மறுநாளே எழுந்துவிடுகிறது. கம்பெனிப் பங்குகளிலும் டிமேட் கணக்கிலும் நாமினியாகப் போட்டவரே சொந்தக்காரர் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையை உடைத்தது. நாமினி வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ உரியவருக்கே அது போய்ச் சேர வேண்டும். மூத்த மகனை நாமினியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் வியாபாரிகள் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வருமான வரியில். கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் தனிக் கணக்கு வைத்து வரியைக் குறைத்துக்கொள்ளும் வசதி, தமிழ்நாட்டில் பழகிப்போனது, 1976க்குப் பிறகு கேரளத்தில் இல்லாமல் போயிற்று. 2025 தீர்ப்பு அந்தப் பிரிவுகளையே செயலற்றவை என்கிறபோது, செத்த கூட்டுக் குடும்பம் வரிக் கணக்குக்காக மட்டும் எழுந்து உட்காருமா என்ற கேள்வி பிறக்கிறது. மகளுக்கு வந்த உரிமையை முதலில் பயன்படுத்திக்கொள்ளப் போகிறவர் ஆடிட்டராக இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

2025 தீர்ப்பின் உண்மையான எடை எங்கே விழும்? உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கு 1956 முதலே மகனோடு சமபங்கு உண்டு. 1976 சட்டம் எல்லாவற்றையும் சொந்தச் சொத்து ஆக்கிவிட்டதால், தகப்பன் தன் பங்கு முழுவதையும் மகனுக்கே எழுதிவைக்கலாம் என்ற சுதந்திரமும் கூடவே வந்தது. சொத்து மறுபடி மூதாதையர் சொத்தாகி, மகள் பிறப்பால் பங்குதாரர் என்றால், தகப்பன் உயிலில் எழுத முடிவது அவர் பங்கை மட்டுமே. ஆகவே என் வாசிப்பில் இந்தத் தீர்ப்பு குறி வைப்பது உயில்களை. மேரி ராய் தீர்ப்பைத் தாண்டிப் போக உதவிய அதே கருவியை. 1976இலேயே பிரிந்துவிட்டதாகச் சட்டம் கருதிய சொத்தில் 2005இல் மூதாதையர் தன்மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வஞ்சியூர் நீதிமன்றம் போன்ற கீழ்நீதிமன்றங்கள் வழக்கு வழக்காகத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த பாகபத்திரத்துக்கும் நீதிமன்றத் தீர்ப்பாணை மூலம் நடந்த பிரிவினைக்கும் 2005 திருத்தச் சட்டமே பாதுகாப்புத் தந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது: தகப்பன் 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற பேச்சைப் பொது ஆவணச் சான்று இல்லாமல் ஏற்க முடியாது. மகளைப் பங்குதாரராக்குவதில் தமிழ்நாடு முன்னோடிகளுள் ஒன்று. 1989 மார்ச் 25 முதல் அதைச் செய்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன் கல்யாணமான பெண்களின் மனக்குறையைத் தென் மாவட்டங்களில் இன்றும் கேட்கலாம். தேதி குறித்து வரும் சட்டத்துக்கும் அநீதி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே குறைந்தபட்சம் பதிவாளர் அலுவலகத்தில் நிற்பவருக்கு நிலைமை தெரியும்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினரைத் தொடுவதில்லை. அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரப் பெண்ணுக்கு இந்த விவாதம் எதுவும் பொருந்தாது. ஆனால் கேரளத் தீர்ப்புக்குப் பத்து நாள் கழித்து, சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக நிரூபிக்காத வரை பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். முஸ்லிம் குடும்பங்களில் வேறு வழி கண்டார்கள். பெண் மக்கள் மட்டுமே உள்ள காசர்கோட்டு வழக்கறிஞர் ஒருவர் 2023 மார்ச் 8 அன்று தன் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடி மணந்துகொண்டார். சொத்து முழுவதும் மகள்களுக்கே போக அதுதான் வழி என்றார். சட்டம் இயற்றுபவர்கள் தூங்கும்போது குடிமக்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உயிலைப் பொறுத்தவரை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் செய்த ஒன்று திருவனந்தபுரத்துக்காரர்களுக்கும் பயன்படும். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து அத்தாட்சி வாங்கினால்தான் உரிமை நாட்ட முடியும் என்ற, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு நீக்கப்பட்டது. கேரளத்துச் சொத்துக்கு இந்துக்களிடம் அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. ஆனால் ஓய்வுபெற்றுக் கவடியாரில் குடியேறியவர் மயிலாப்பூரில் ஒரு ஃப்ளாட் வைத்திருந்தால், பிள்ளைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் போயிற்று. இதற்கு முன் 2003 ஜூலையில், நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தருமத்துக்குச் சொத்து எழுதிவைப்பதைக் கட்டுப்படுத்திய, அதே சட்டத்தின் 118ஆம் பிரிவு, கேரளப் பாதிரியார் ஒருவரின் வழக்கில் அடிபட்டது.

வழக்கு நடக்கும் விதத்தில் வந்த மாற்றம், எல்லாவற்றிலும் கவனிக்கப்படாதது. பாகப்பிரிவினை வழக்கில் முதல் தீர்ப்பாணை உனக்கு இத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். கமிஷனர் போய் நிலத்தை அளந்து, எந்த மூலை யாருக்கு என்று காட்டி, இறுதித் தீர்ப்பாணை வந்தால்தான் பங்கு மண்ணாகும். இதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். பல குடும்பங்களில் முதல் தீர்ப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை போய்விடும். 2022 ஜூன் 13 அன்று, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே அடுத்த கட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் சொல்லி அனுப்பியது. மகளுக்குப் பங்கு உண்டு என்று அறிவித்த தீர்ப்புகளைவிட இந்த நடைமுறை உத்தரவு அவளுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் கேரளத்தில் நீதிமன்றக் கட்டணங்கள் உயர்ந்தது இதற்கு நேர் எதிரான திசை.

இப்படி நீதிமன்றம் வழியே வரும் உரிமைகளின் பட்டியலில் அடுத்து எது என்று கேட்டால் என் பதில் தயார். மேரி ராய் போராடிப் பெற்ற இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே ஒரு பழைய முடிச்சு இருக்கிறது. மனைவி மக்கள் இல்லாத கிறிஸ்தவர் உயிலின்றி இறந்தால், தகப்பன் உயிரோடிருந்தால் சொத்து முழுவதும் தகப்பனுக்கு. பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை. 2014இல் சட்ட ஆணையம் தன் 247ஆவது அறிக்கையில் இதை மாற்றச் சொன்னது. பத்தாண்டு கடந்தும் பிரிவு அப்படியே இருக்கிறது. கேரளத்திலோ குமரியிலோ ஒரு தாய் வழக்குப் போட வேண்டும் என்று நாடாளுமன்றம் காத்திருக்கிறது போலும்.